கொமேனியஸின் வாழ்வும் குழந்தைகளுக்கான படநூலும்

முன்னுரை

எழுத்தறியத் தொடங்கும் குழந்தைகளுக்கான படவிளக்கப் பார்வை நூல்களின் வரலாற்றில், 1658இல் நூரெம்பர்க் நகரில் வெளிவந்த ‘ஓர்பிஸ் சென்சுவாலியும் பிக்டுஸ்’ என்னும் இலத்தீன்–ஜெர்மன் நூல் தனியிடம் பெறுகிறது. புலன்களால் அறியப்படும் உலகின் படம் என்பது இப்பெயரின் கருத்தாகும். இதன் ஆசிரியர் யான் ஆமோஸ் கொமேனியஸ் (1592–1670). கல்வி தாய்மொழியிலேயே தொடங்க வேண்டும் என வலியுறுத்திய இவரது நூலின் முதற்பதிப்பில் இவருடைய தாய்மொழியாகிய செக் இடம்பெறவில்லை. இம்முரணை அவரது வாழ்வின் வழி விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

இளமையும் இழப்பும்

மொராவியாவில் பிறந்த கொமேனியஸ் சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். பதினாறாம் வயதில்தான் ப்ஷெரோவ் நகர இலத்தீன் பள்ளியில் சேர்ந்தார். பொருளறியாமல் விதிகளை மனப்பாடம் செய்விக்கும் முறையின் குறைகளை, வளர்ந்த மாணவராக இருந்ததால் அவரால் உணர முடிந்தது. பின்னர் ஹெர்போர்ன், ஹைடல்பெர்க் ஆகிய இடங்களில் உயர்கல்வி பெற்றார். மாணவப் பருவத்திலேயே செக் மொழிக்கான பேரகராதிப் பணியைத் தொடங்கினார்.

1618இல் ஃபுல்னெக் நகரில் சகோதரர் சபையின் சமயப் பணியேற்றார். 1620இல் வெள்ளைமலைப் போரில் செக் சீர்திருத்தச் சபையினர் தரப்புத் தோற்றது. அதன்பின் அவர் தலைமறைவாக வாழ நேர்ந்தது. உடைமைகள் அழிந்தன, மனைவியும் இரு குழந்தைகளும் கொள்ளைநோயால் இறந்தனர். 1628இல் நாட்டைவிட்டு வெளியேறிப் போலந்தின் லெஸ்னோ நகரில் குடியேறினார்.

நூலின் தோற்றமும் அமைப்பும்

1631இல் வெளியிட்ட ‘யானுவா’ என்னும் இலத்தீன் பாடநூல் அவருக்கு ஐரோப்பியப் புகழை ஈட்டித் தந்தது. அந்நூல் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து வாக்கியங்களில் அமைத்தது. எனினும் அது தொடக்கநிலைக் குழந்தைகளுக்குக் கடினமாக இருந்தது. 1650 முதல் 1654 வரை ஹங்கேரிய நாட்டுச் சாரோஸ்படாக் பள்ளியைச் சீரமைத்தபோது இக்குறையை நீக்கப் படநூலை உருவாக்கினார். தகுதியான செதுக்குக் கலைஞர் அங்குக் கிடைக்காமையால், கைப்படி நூரெம்பர்க்குக்கு அனுப்பப்பட்டது.

நூலின் 150 இயல்களும் இறைவனில் தொடங்கி, இயற்கை, விலங்கு, மனித உடல், தொழில்கள், சமூகம் எனச் சென்று இறுதித் தீர்ப்பில் முடிகின்றன. தெய்வப்பெயர்த் தொகுதியில் தொடங்கும் திவாகர நிகண்டை அறிந்தோர்க்கு இவ்வைப்புமுறை அயலானதன்று. ஆனால் நிகண்டு மனனத்திற்குரியது, இந்நூல் காட்சிக்குரியது. மரச்செதுக்குப் படத்தின் உறுப்புகளுக்கு எண்கள் இடப்பட்டு, அதே எண்கள் இரு மொழிப் பத்திகளிலும் உரிய சொற்களை அடுத்து அமைந்துள்ளன. தொடக்கத்திலுள்ள எழுத்து அட்டவணை ஒவ்வோர் எழுத்தின் ஒலியையும் விலங்கு, பறவை முதலியவற்றின் ஒலியோடு இணைக்கிறது. ஆகவே இந்நூலின் புதுமை படம் சேர்த்ததில் மட்டுமன்று, படத்தையும் சொல்லையும் எண்ணால் பிணைத்ததில் உள்ளது.

எரிந்த அகராதி

1656இல் லெஸ்னோ போரில் எரிக்கப்பட்டது. நாற்பதாண்டுகளுக்கு மேலாகத் தொகுத்த செக் அகராதியின் கைப்படியும் தீக்கிரையானது. ஆம்ஸ்டர்டாமில் புகலடைந்த இரண்டாண்டுகளில் படநூல் அச்சேறியது. தாயகத்தில் அவரது சபை தடைசெய்யப்பட்டிருந்தது; நூல் அச்சான நகரோ ஜெர்மன் பேசுவது. செக் விடுபட்டமைக்கு ஆசிரியரின் கொள்கையைவிட இச்சூழலே காரணம் எனக் கொள்வது பொருந்தும்.

1659இல் சார்லஸ் ஹூலின் ஆங்கிலப் பெயர்ப்பு வெளிவந்தது. 1670இல் மறைந்த கொமேனியஸ் நெதர்லாந்தின் நார்டன் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்து 15 ஆண்டுகளுக்குப்பின், 1685இல் லெவோச்சாவில் அச்சான நான்மொழிப் பதிப்பில் இலத்தீன், ஜெர்மன், ஹங்கேரியம் ஆகியவற்றோடு செக் மொழியும் இடம்பெற்றது.

முடிவுரை

படமும் எண்ணும் மாறாதிருக்க, எம்மொழிப் பத்தியையும் அருகே சேர்க்கலாம் என்பதே இந்நூலமைப்பின் ஆற்றல். அகராதியோடு அழிந்த சொற்களை மீட்க அவரால் இயலவில்லை. எனினும் தாய்மொழி பின்னர் வந்து சேர்வதற்குரிய இடத்தைப் படநூலில் அமைத்துச் சென்றார். குழந்தைகளுக்கான பார்வை நூலை மதிப்பிடுவோர் படங்களின் அழகையும் எண்ணிக்கையையும் மட்டும் நோக்காமல், படத்திற்கும் குழந்தையின் மொழிக்கும் உள்ள பிணைப்பையே முதன்மை அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்பதை அவரது வாழ்வும் நூலும் உணர்த்துகின்றன.