நூறு மைல் வட்டம்

டி.இ. லாரன்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை பாலைவனமும் ஒட்டகமும் வெள்ளை அங்கியும்தான். 1962-இல் டேவிட் லீன் இயக்கிய 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' திரைப்படம் அந்தச் சித்திரத்தை உலகெங்கும் நிலைநிறுத்திவிட்டது. அந்தப் படம் பாலைவனத்தில் தொடங்கவில்லை என்பதைப் பார்த்தவர்களே மறந்துவிடுகின்றனர். இங்கிலாந்தின் கிராமப்புறச் சாலையொன்றில் மோட்டார் சைக்கிளில் விரையும் ஒருவரின் மரணத்தோடு அது தொடங்குகிறது. சில நிமிடங்களில் கதை மணலுக்குள் புகுந்துவிடும். அதன் பிறகு அந்தச் சாலைக்கு அங்கு இடமில்லை.

என்னை ஈர்ப்பது அந்தச் சாலைதான். அரபு எழுச்சியில் அவர் ஈடுபட்டது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். மோட்டார் சைக்கிளோடு அவர் வாழ்ந்ததோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல். தம் இருப்பிடத்திலிருந்து புறப்பட்டு, அன்றைக்கே திரும்பிவிடக்கூடிய தொலைவுக்குள் இருந்த சாலைகளை அவரளவுக்குத் தேடித் தேடி ஓட்டிய புகழ்பெற்ற மனிதர் வேறொருவர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கு 'இருப்பிடம்' என்ற சொல்லே எளிதாக அமைந்ததல்ல. 1888-இல் வேல்ஸின் டிரெமடாக் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தாமஸ் சாப்மன் அயர்லாந்தில் மனைவியையும் மகள்களையும் விட்டுவிட்டு, அவ்வீட்டில் பணியாற்றிய பெண்ணோடு வெளியேறியவர். லாரன்ஸ் என்பது அவ்விருவரும் ஊருக்காகச் சூட்டிக்கொண்ட பெயர். ஊர் ஊராக மாறிய அக்குடும்பம் 1896-இல்தான் ஆக்ஸ்ஃபோர்டில் நிலைகொண்டது. தம் பிறப்பின் கதையை இளமையிலேயே அறிந்துகொண்ட மகன், பிற்காலத்தில் பெயர்களைச் சட்டை மாற்றுவதுபோல் மாற்றினார் என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

சாலையின் மீதான பித்து அவருக்கு இஞ்சின் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மாணவப் பருவத்தின் கோடை விடுமுறைகளில் பிரான்ஸ் முழுவதும் மிதிவண்டியில் சுற்றி, இடைக்காலக் கோட்டைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1909-இல் சிரியாவில் சிலுவைப்போர்க் கோட்டைகளைத் தேடி ஆயிரம் மைலுக்கு மேல் கால்நடையாகவே சென்றார். அந்த உழைப்பே ஆய்வேடாகி அவருக்கு வரலாற்றில் முதல் வகுப்பைப் பெற்றுத் தந்தது. பிறகு கார்க்கெமிஷ் அகழாய்வு, போர், 1917-இல் அகாபா, 1918-இல் டமாஸ்கஸ். இவை யாவரும் அறிந்தவை. அரபியர்க்கு விடுதலை வாக்களித்துக்கொண்டிருந்தபோதே பிரிட்டனும் பிரான்ஸும் அந்நிலத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டதை அறிந்தும் அவர் தொடர்ந்து போரிட்டார். அந்தக் குற்றவுணர்வு உண்மையானது என்றே நான் கருதுகிறேன். ஆனால், அது அரபியருக்கு எந்த வகையிலும் ஈடாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1922-இல் அவர் எடுத்த முடிவு பலருக்கு இன்றும் புதிர். கர்னலாக இருந்தவர், சர்ச்சிலுக்கு ஆலோசகராக இருந்தவர், ஜான் ஹியூம் ராஸ் என்ற பொய்ப்பெயரில் விமானப் படையின் கடைநிலை வீரராகச் சேர்ந்தார். சில மாதங்களிலேயே லண்டன் நாளிதழ் ஒன்று அதைக் கண்டுபிடித்து வெளியிட, 1923 ஜனவரியில் வெளியேற்றப்பட்டார். இரண்டே மாதத்தில் டி.இ. ஷா என்ற பெயரில் டாங்கிப் படையில் சேர்ந்து, டார்செட் மாவட்டத்தின் போவிங்டன் முகாமுக்கு வந்தார். முகாமிலிருந்து நடந்துபோகும் தொலைவில், காட்டுப் புதர்களுக்கு நடுவே பாழடைந்து கிடந்த கிளவுட்ஸ் ஹில் என்ற குடிலை வாடகைக்குப் பிடித்துச் செப்பனிட்டார். பின்னர் அதையே விலைக்கும் வாங்கினார். மின்சாரம் கிடையாது. நூல்களும் கிராமபோனும் மட்டும் நிறைய இருந்தன. 'இந்தியாவுக்கு ஒரு பயணம்' நாவலை எழுதிய ஈ.எம். ஃபார்ஸ்டர் அங்கு விருந்தினராக வந்து தங்கியதுண்டு.

வாழ்வில் முதன்முதலாக அவருக்கென்று ஒரு வாசல் அமைந்தது அங்கேதான். ஒரு நாள் சவாரி என்பதற்குப் பொருள் வர வேண்டுமென்றால், திரும்பி வருவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? அரேபியாவில் அவர் ஒட்டகத்தில் கடந்த தூரங்கள் மிகப் பெரியவை. ஆனால், அங்கு அவர் எந்த மாலையிலும் வீடு திரும்பவில்லை.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாட்டிங்ஹாம் நகரில் ஜார்ஜ் பிராஃப் தயாரித்த 'பிராஃப் சுப்பீரியர்' அந்நாளின் மிக உயர்ந்த மோட்டார் சைக்கிள். 1924-இல் வெளிவந்த அதன் எஸ்எஸ் 100 வகை, மணிக்கு நூறு மைல், அதாவது 160 கி.மீ. வேகத்தை எட்டும் என்ற உத்தரவாதத்தோடு விற்கப்பட்டது. கடைநிலை வீரரின் சம்பளத்துக்கு அது எட்டாக் கனி. லாரன்ஸ் அடுத்தடுத்து ஏழு பிராஃப் வண்டிகளை வைத்திருந்தார். இந்த முரணைச் சுட்டிக்காட்டி அவரைப் பகடி செய்தவர்கள் உண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. தம் வண்டிக்கு அவர் இட்ட பெயர் 'பொவனெர்கேஸ்'. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குத் தெரிந்த சொல்தான். இயேசு தம் சீடர் இருவருக்குச் சூட்டிய அப்பெயருக்கு இடிமுழக்க மக்கள் என்று பொருள்.

டார்செட்டின் சாலைகள் அந்த இடிமுழக்கத்துக்காகப் போடப்பட்டவை அல்ல. வயல்களின் எல்லையைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் பழைய வண்டிப்பாதைகள் அவை. இருபுறமும் ஆளுயர வேலி. திருப்பத்துக்கு அப்பால் என்ன வருகிறது என்பது திரும்பிய பிறகே தெரியும். திடீரென்று பள்ளம், அதையடுத்து ஏற்றம், ஏற்றத்தின் உச்சியில் புதர்நிலம் அடிவானம் வரை விரியும். தாமஸ் ஹார்டியின் நாவல்களைப் படித்தவர்களுக்கு அந்த நிலம் பழக்கமானது. ஹார்டி அப்போது டார்செஸ்டரில், எண்பதைக் கடந்த முதியவராக வாழ்ந்துகொண்டிருந்தார். சீருடையோடு இந்தப் படைவீரர் அவர் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதும், தேநீர் அருந்தி உரையாடிவிட்டு முகாமுக்குத் திரும்புவதும் வழக்கமாயின. அவ்விருவருக்கும் இடையே வளர்ந்த அன்பு, லாரன்ஸின் வாழ்வில் எவ்விதக் கசப்பும் கலவாத சில உறவுகளுள் ஒன்று.

1925 ஆகஸ்டில் அவர் மீண்டும் விமானப் படைக்கு மாற்றப்பட்டு, லிங்கன்ஷயரின் கிரான்வெல் முகாமுக்குச் சென்றார். அவருடைய சவாரிகளில் எனக்கு மிகவும் பிடித்தவை இங்கு நிகழ்ந்தவை. படைமுகாம் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதி, மறைவுக்குப் பின் 1955-இல் வெளியான 'தி மின்ட்' நூலின் கடைசிப் பகுதியில் அதைப் பதிவு செய்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு முறை, பணி முடிந்ததும், ஏறத்தாழ நூறு மைல் சுற்று. வெறுமனே சுற்றுவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே! தம் குடியிருப்பின் சக வீரர்களுக்கு உணவுப் பொருள் வாங்கி வருவதை அவர் அந்தச் சாக்காக்கினார். லிங்கனில் பன்றி இறைச்சித் துண்டுகள், நாட்டிங்ஹாமில் சாசேஜ், வழியில் ஒரு பண்ணையில் பதினைந்து முட்டைகள். முட்டைக்கென்று கம்பளி பதித்த பெட்டி ஒன்று வைத்திருந்தார். கடைசியாக ஸ்லீஃபோர்டு கசாப்புக் கடையில் கொழுப்பு. இரவு குடியிருப்பின் கணப்பருகே ரொட்டியை வாட்டி அதைத் தடவி எல்லோரும் உண்பார்கள். மணிக்கு நூறு மைல் வேகத்தை எட்டும் வண்டியில் முட்டை உடையாமல் வருவது சிறிய திறமையா என்ன!

அந்தச் சுற்றை நான் நிலப்படத்தில் விரலால் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். போன வழியில் அவர் திரும்பவில்லை என்பதே அதன் நயம். சந்தைக்குச் சந்தை தாவி, புறப்பட்ட இடத்துக்கே வேறொரு திசையிலிருந்து வந்து சேர்வது. நம் சேலத்து இளைஞர்கள் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, குப்பனூர் வழியாக இறங்குவதும் இதே மனப்பாங்கில்தான். அழகான சாலையைக் கண்டுபிடிக்கப் பெரிய இரகசியம் ஏதுமில்லை. நெடுஞ்சாலை எங்கே தேவைப்படவில்லையோ அங்கே பழைய பாதை மிஞ்சியிருக்கும். அதில் செல்ல ஒரு சிறு வேலையும், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்ற ஒரு கட்டாயமும் இருந்தால் போதும்.

அதே பகுதியில் வரும் இன்னொரு காட்சி பலரும் அறிந்தது. மேலே பறந்த பிரிஸ்டல் போர் விமானம் ஒன்றின் விமானி லிங்கன் சாலையைச் சுட்டிக்காட்டிப் பந்தயத்துக்கு அழைக்க, இவர் வண்டியை முறுக்கினார். குண்டும் குழியுமான பகுதியைத் தாண்டியதும் விமானம் இருநூறு கெஜம் பின்தங்கிவிட்டது. பிறகு இவரே வேகத்தைக் குறைத்து அதை முன்னே போகவிட்டார். கடந்துபோகையில் விமானத்திலிருந்து எட்டிப் பார்த்துக் கேலி செய்தவரின் தலையில் பறப்போருக்கான தொப்பி இருந்தது. கீழே சாலையில் சென்ற இவர் தலையில் கவசம் என்று எதுவும் இல்லை. அந்நாளில் பந்தயக்காரர்களைத் தவிர வேறெவரும் அதை அணிவதில்லை. 1926 செப்டம்பரில், நான்கு ஆண்டுகளில் ஐந்து பிராஃப் வண்டிகளில் ஒரு லட்சம் மைலை நிறைவு செய்துவிட்டதாக அவர் தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதினார்.

அடுத்து வந்தது சாலையற்ற காலம். 1927 தொடக்கத்தில் கராச்சிக்கு அனுப்பப்பட்டார். 1928-இல் அங்கிருந்து வசீரிஸ்தானின் மீரான்ஷா கோட்டைக்கு. பகலில் முள்வேலியைத் தாண்டக் கூடாது. இரவில் கோட்டைச் சுவரைத் தாண்டக் கூடாது. சுற்றிலும் மலைகள். நாள்தோறும் அவற்றைப் பார்த்துக்கொண்டே அலுவலகக் கோப்புகளைத் தட்டச்சு செய்தார். ஓய்வு நேரத்தில் ஹோமரின் 'ஒடிசி'யை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். வீடு திரும்ப இயலாமல் அலைந்தவனின் கதையை அந்த அடைபட்ட கோட்டையில் அமர்ந்து மொழிபெயர்த்தது தற்செயல்தான் என்றாலும் என்னால் அதைக் கடந்துபோக முடியவில்லை. ஹார்டி மறைந்த செய்தி அவரை எட்டியபோது அவர் கராச்சியில் இருந்தார். பிறகு ஆப்கானிஸ்தான் கலகத்தின் பின்னணியில் அவர்தான் ஒற்றராக இருக்கிறார் என்று இதழ்கள் எழுதத் தொடங்கவே, 1929 ஜனவரியில் அவசரமாக இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். கோட்டையை விட்டு வெளியே போகாதவர்மீது ஒரு நாட்டையே கவிழ்த்த பழி!

திரும்பியதும் நண்பர்கள் பரிசாகத் தந்த புதிய பிராஃப் அவருக்காகக் காத்திருந்தது. அடுத்த ஆறு ஆண்டுகள் பிளிமத்திலும் சவுத்தாம்ப்டன் பகுதியிலும் கடலில் விழும் விமானிகளை விரைந்து மீட்கும் அதிவேகப் படகுகளை உருவாக்கும் பணியில் செலவிட்டார். என் பார்வையில், அரேபியச் சாகசங்களைவிட அவர் பெருமைப்பட்டிருக்க வேண்டிய பணி இது. 1935 பிப்ரவரியில் பிரிட்லிங்டன் முகாமில் பணிக்காலம் முடிந்தது. அங்கிருந்து அவர் புறப்பட்டது மிதிவண்டியில். மாணவப் பருவத்தின் வாகனம் மீண்டும் கைக்கு வந்திருந்தது. கிளவுட்ஸ் ஹில்லுக்குப் போய்ச் சேர்ந்தால் வாசலில் இதழாளர்கள் முற்றுகையிட்டிருந்தனர். தமக்கென்று அமைத்துக்கொண்ட ஒரே வீட்டிலிருந்து சில நாட்கள் விலகியிருக்க வேண்டியதாயிற்று.

மே 13 அன்று காலை, போவிங்டன் முகாமின் அஞ்சலகத்துக்கு வண்டியில் சென்று, எழுத்தாளர் ஹென்றி வில்லியம்சனை விருந்துக்கு அழைத்து ஒரு தந்தி அனுப்பினார். திரும்பும் வழி இரண்டு மைலுக்கும் குறைவு. நூற்றுக்கணக்கான முறை ஓட்டிய சாலை. குடிலை நெருங்கும்போது சாலையின் ஒரு பள்ளம் எதிரே மிதிவண்டியில் சென்ற இரு சிறுவர்களை மறைத்துவிட்டது. அவர்கள்மீது மோதாமலிருக்க வண்டியை ஒடித்தார், தூக்கி எறியப்பட்டார். அப்போது எதிரே கறுப்புக் கார் ஒன்று வந்ததாக ஒரு சாட்சி சொன்னார். சிறுவர்கள் அப்படியொன்றைப் பார்க்கவில்லை என்றனர். அந்தக் காரைப் பிடித்துக்கொண்டு சதிக்கதைகள் இன்றும் ஓடுகின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கையில்லை. குறுகிய சாலை, மறைக்கும் பள்ளம், வேகமான வண்டி, கவசமில்லாத தலை என்ற நான்குமே போதுமானவை. ஆறு நாட்கள் நினைவு திரும்பாமலே மே 19 அன்று உயிர் பிரிந்தது. வயது 46. அருகிலுள்ள மோர்ட்டன் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் சர்ச்சில் கலந்துகொண்டார்.

அந்த ஆறு நாட்களில் படுக்கையருகே அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்த இளம் மூளை அறுவை மருத்துவர். காப்பாற்ற முடியவில்லை. ஆனால், அவர் அந்த மரணத்தை விட்டுவிடவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கி, இருட்டடிப்பு செய்யப்பட்ட சாலைகளில் மோட்டார் சைக்கிள் சாவுகள் பெருகியபோது தரவுகளைத் திரட்டினார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 பேர் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் இறந்திருப்பதையும், பெரும்பாலோர் தலைக்காயத்தால் மடிந்ததையும், தலைக்கவசம் அணிந்தவர்கள் உயிர் தப்பியதையும் 1941-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. சாவுகள் குறைந்ததைப் போருக்குப் பின் அவரே மீண்டும் கணக்கிட்டுக் காட்டினார்.

பொதுமக்களுக்கு அதைக் கட்டாயமாக்க பிரிட்டன் 1973 வரை எடுத்துக்கொண்டது. கெய்ர்ன்ஸ் 1952-லேயே மறைந்துவிட்டார். நம் நாட்டில் 1988-இன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு அதையே சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொல்லி, தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் தலைக்கவசம் கட்டாயமானபோது, அதன் விலையும் வெயிலின் வெப்பமும்தான் நம்மிடையே பெரிதும் விவாதிக்கப்பட்டன.