ஒரு பிடி அரிசியில் வளர்ந்த கல்வி
பெருந்தலைவர் காமராஜர் வாழ்வு தரும் படிப்பினை

 

பெருமானார் (ஸல்) அவர்களின் மதீனாப் பள்ளிவாசலில் ‘ஸுஃப்பா’ என்றொரு திண்ணை இருந்ததை நாம் அறிவோம். வீடும் வருவாயும் இல்லாத தோழர்கள் அங்கே தங்கி மார்க்கக் கல்வி பயின்றனர். அவர்களுடைய உணவுக்கு நபியவர்களும் வசதி படைத்த மதீனத்து மக்களும் பொறுப்பேற்றிருந்தனர். கற்க வந்தவரின் பசியைப் போக்குவதும் கல்விப் பணியே என்பதை அத்திண்ணை உலகிற்கு உணர்த்தியது. நம் தமிழகத்தில் அதனை அரசின் கடமைகளுள் ஒன்றாக ஆக்கிக் காட்டியவர் பெருந்தலைவர் காமராஜர். நன்மை எவரிடத்தில் காணப்பட்டாலும் அதைப் போற்றிப் பின்பற்றுவது நம் பண்பாகும். ஆதலால் அன்னாரின் வாழ்வை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுநகரில் குமாரசாமி, சிவகாமி அம்மாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து அநாதையானார். தாயார் தம் நகைகளை விற்றுக் குடும்பத்தை நடத்த வேண்டிய நிலை ஏற்பட்டது. சிறுவர் காமராஜர் பயின்ற க்ஷத்திரிய வித்யாசாலா, அவ்வூர்ச் சமுதாய மக்கள் தாமே உருவாக்கிய பள்ளிக்கூடம் ஆகும். வீட்டுக்கு வீடு நாள்தோறும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதைச் சேர்த்து விற்ற பணத்தைக் கொண்டு அப்பள்ளியை நடத்தினர். பள்ளிக்கூடம் நடத்தச் செல்வந்தர் ஒருவர் வர வேண்டும் என்று அவ்வூரார் காத்திருக்கவில்லை.

ஆயினும் வறுமை வென்றது. பன்னிரண்டு வயதளவில் படிப்பு நின்றது. தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். 1919இல் நிகழ்ந்த ஜாலியன் வாலாபாக் படுகொலை அவ்விளைஞரை விடுதலைப் போருக்கு இழுத்துச் சென்றது. 1930இல் உப்பு சத்தியாகிரகத்தில் முதன்முறையாகச் சிறை புகுந்தார். பின்னரும் பலமுறை சிறை சென்று, வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளை அங்கே கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

1954 ஏப்ரல் 13ஆம் நாள் சென்னை மாகாண முதலமைச்சர் பொறுப்பை ஏற்றார். பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று 1953இல் கொண்டுவரப்பட்டிருந்த திட்டத்தைக் கைவிடச் செய்தார். கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் அவர்களும், கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்களும் அவருக்குத் துணை நின்றனர். பள்ளிக்கூடம் இல்லாத சிற்றூர்களைக் கணக்கெடுத்து ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்தனர். படித்து வேலையின்றி இருந்த இளைஞர்கள் ஆசிரியர்கள் ஆயினர். ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் உள்ளிட்ட பாதுகாப்பும் கிடைத்தது.

பள்ளிகள் திறந்தும் ஏழைப் பிள்ளைகள் வந்தபாடில்லை. ஆடு மாடு மேய்த்தால்தான் ஒரு வேளைக் கஞ்சி என்ற நிலையில் இருந்த குழந்தைக்குப் பள்ளிக்கூடம் எட்டாக்கனியாக இருந்தது. 1920இலேயே சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் சர் பிட்டி தியாகராயர் காலத்தில் மதிய உணவு வழங்கப்பட்டதுண்டு. அதை மாகாணம் முழுவதற்கும் விரிக்க முற்பட்டார் காமராஜர். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் ஊராரின் நன்கொடையாலேயே அடுப்பு எரிந்தது. பின்னர்ச் செலவின் ஒரு பங்கை அரசு ஏற்றது. மறு பங்கை ஊர் மக்களே தந்தனர். விருதுநகரின் பிடி அரிசி, மாகாணத்தின் மதிய உணவாக மலர்ந்தது எனலாம்.

1958 முதல் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊர் மக்கள் தங்கள் பள்ளிக்குக் கட்டடம், மேசை, நாற்காலி, சீருடை, பலகை என இயன்றதை வழங்கினர். வசதியுள்ள பிள்ளைக்கும் வறிய பிள்ளைக்கும் ஒரே சீருடை என்ற நிலை அப்போது பரவிற்று. ஏழை மாணவர்க்குப் பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது. அவர் பதவி வகித்த காலத்தில் பள்ளி செல்லும் பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று.

1963 அக்டோபர் 2ஆம் நாள் கட்சிப் பணிக்காக முதல்வர் பதவியைத் தாமே துறந்தார். 1967 தேர்தலில் சொந்த ஊரிலேயே தோல்வியுற்றார். 1975 அக்டோபர் 2ஆம் நாள் சென்னையில் மறைந்தார். தமக்கெனச் செல்வம் எதையும் சேர்த்துவைக்கவில்லை. மறைவுக்குப்பின் 1976இல் பாரத ரத்னா விருது வழங்கப்பெற்றது. அவர் விரித்த உணவுத் திட்டம் 1982இல் சத்துணவாக வளர்ந்தது. 2022இல் காலை உணவும் அதனுடன் சேர்ந்தது.

அன்பர்களே! ஏழ்மை மிகுந்த இடத்தில் பள்ளிக்கூடம் சிறப்பதற்கு எவை துணை செய்கின்றன என்பதை இவ்வாழ்வு தெளிவாக்குகிறது. நடந்து செல்லும் தொலைவில் பள்ளி, வயிற்றுக்கு உணவு, கவலையற்ற ஆசிரியர், பள்ளியைத் தன்னுடையதாகக் கருதும் ஊர் ஆகியவையே அவை. முதல் மூன்றையும் அரசு தரலாம். நான்காவதை நாம்தாம் தர வேண்டும்.

மக்தபில் நம்மிடம் ஓதிய சிறுவன் சில ஆண்டுகள் கழித்துக் கடையொன்றில் எடுபிடியாக நிற்பதைக் காணும்போது நெஞ்சு கனக்கிறது. சென்ற நூற்றாண்டில் விருதுநகர்த் துணிக்கடையில் நின்ற அச்சிறுவரின் நிலையே இதுவும். படிப்பு நின்ற எல்லாரும் காமராஜர் ஆகிவிடுவதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நம் வேங்கிக்காலிலேயே இருந்தும், உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தர ஆளின்றி நம் தாய்மார்கள் தயங்கி நிற்கலாமா? பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகள் யார் எவர் என்று மஹல்லாவில் கணக்கெடுப்போம். தந்தையற்ற பிள்ளையின் படிப்பை ஜமாஅத்தின் பொறுப்பாக ஏற்போம். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்ற பழைய வழக்கம் நமக்கும் புதியதன்று. அதைக் கல்விக்காக மீண்டும் தொடங்குவோம்.

வல்ல அல்லாஹ் நம் மஹல்லாவின் எல்லாப் பிள்ளைகளையும் கல்வியும் ஒழுக்கமும் உடையவர்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.