கலாயோகியின் இளமையும் தும்பறைப் பள்ளத்தாக்கும்

கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் பெருவீதியில் குண்டசாலையைக் கடந்து திகனவை அணுகுவோர், வீதியோரத்து வெட்டுக்குழிகளில் வெள்ளை வெளேரென்ற ஒருவகைக் கல்லைக் காண்பர். சுண்ணாம்புச் சூளைகளுக்கு இரையாவதும் இக்கல்லே. உரத்திற்கெனத் தூளாக்கப்படுவதும் இக்கல்லே. நம் மாணவர் பலருக்கு இது வெறுங் கல். ஆயின், ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், இலங்கையின் படிகச் சுண்ணாம்புக்கல் எவ்வாறு தோன்றிற்று என்பதனை ஆராய்ந்து, இலண்டன் புவியியற் சங்கத்தின் ஏட்டில் 1902ஆம் ஆண்டில் கட்டுரை வரைந்த இளைஞர் ஒருவர் இருந்தார். கல்லைத் தேடி இம்மலைநாட்டுக்கு வந்த அவர், கல்லை விட்டுக் கலையைக் கொண்டு திரும்பினார். அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

அவர்தம் பிற்காலப் பெருமையைப் பேசுவோர் பலர். சிவநடனத்தின் பொருளை மேலைநாட்டாருக்கு உணர்த்தியவர் என்றும், பொஸ்ரன் நுண்கலைக்கூடத்தின் இந்தியப் பகுதியைப் பேணி வளர்த்தவர் என்றும் நாம் அறிவோம். வெண்டாடியும் ஆழ்ந்த நோக்குமாக நம் மனத்தில் நிற்பது அந்த முதியவரின் திருவுருவமே. இருபத்தைந்து வயதில், இன்னது செய்வதற்கே பிறந்தோம் என்பதை அறியாமல், கண்டிக் குன்றுகளில் சம்மட்டியுடன் அலைந்த இளைஞரை நினைப்பார் குறைவு. எனக்கோ அவ்விளைஞரே நெருங்கியவராகத் தோன்றுகிறார்.

ஆனந்தர் 1877ஆம் ஆண்டு ஆவணித் திங்கள் 22ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, தமிழர், சட்டநிரூபண சபை உறுப்பினர், அரிச்சந்திர நாடகத்தை 1863இல் ஆங்கிலமாக்கி வெளியிட்டவர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அவருடைய சகோதரியின் மைந்தர்கள். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. தாயும் குழந்தையும் முன்னே இங்கிலாந்து சென்றிருக்க, பின்தொடரக் கப்பலேறவிருந்த தந்தையார் 1879 மே மாதத்திற் காலமானார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. எனவே தந்தையின் முகமும் மொழியும் அவருக்கு வாய்க்கவில்லை. தந்தை நாட்டைப் பிறர் சொல்லக் கேட்டும் நூல்களிற் படித்துமே அறியலானார். ஊரும் உறவும் ஒருவனுக்குப் பிறப்பாற் கிடைப்பவை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இவரோ அவற்றைத் தேடிப் பெறவேண்டியவரானார்.

குளொஸ்ரர் மாகாணத்து வைக்கிளிப் கல்லூரியிலும், பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்று, புவியியலிலும் தாவரவியலிலும் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். 1902 ஜூன் 19ஆம் நாள் எதெல் மேரி பார்ட்றிஜ் என்னும் நங்கையை மணந்தார். மணமகனுக்கு வயது இருபத்து நான்கு; மணமகள் அவரினும் ஏறக்குறைய ஐந்து ஆண்டு மூத்தவர். டெவன் நாட்டுப் பார்ன்ஸ்ரபிள் என்னும் ஊரில் மருந்து வணிகர் ஒருவருக்கு மகளாய்ப் பிறந்து, இசை கற்பிக்கும் தகுதி பெற்று, பிறர் பிள்ளைகளுக்கு ஆசிரியையாய் உழைத்தவர். தம்மினும் இளையவராகிய, தந்தையை இழந்த, பாதி கீழைநாட்டவரான ஓர் ஆராய்ச்சி மாணவரை நம்பிக் கடல் கடக்க அக்காலத்து மாது ஒருத்திக்கு வேண்டிய துணிவு சிறிதன்று. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இத்துணிவை ஒரு வரியிற் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அது உவப்பாயில்லை.

1903ஆம் ஆண்டில் இருவரும் இலங்கை போந்தனர். அவ்வாண்டு முதல் 1906 இறுதிவரை ஆனந்தர் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராய்ப் பணியாற்றினார். அரசாங்க உத்தியோகம், ஆராய்ச்சிப் புகழ், வசதியான வாழ்வு ஆகிய மூன்றும் ஒருங்கே கைகூடின. அதிக அடர்த்தியுள்ள புதிய கனிமமாகிய தோரியனைற்று அறிவுலகுக்கு வெளிப்பட்டதில் இப்பகுதியின் உழைப்புக்கும் பங்குண்டு. 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவரது ஆய்வுக்காக விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. உலகினர் கணக்கில் இதற்குமேல் ஓர் இளைஞன் வேண்டுவது யாது?

ஆனாற் கல் தேடுவோன் ஊரூராய் நடத்தல் வேண்டும். நடந்தவர் கண்ணிற் கல் மாத்திரமா படும்? எம்பக்கைத் தேவாலயத்து மரத்தூண்களின் செதுக்குவேலை பட்டது. தெகல்தொருவைக் குகை விகாரையிற் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னன் காலத்தில் தீட்டிய சுவரோவியங்கள் பட்டன. பித்தளை வார்ப்போர், தந்தம் கடைவோர், அரக்கு வேலை செய்வோர், சித்திரக்காரர் ஆகியோரின் குடில்கள் பட்டன. வேலைக்குக் கேட்பாரில்லாமல் அவர்கள் வாடுவதும் பட்டது. 1815இற் கண்டி அரசு வீழ்ந்தபின், நிலமானியம் பெற்று அரண்மனைக்கும் கோயிலுக்கும் தொழில் செய்த குடிகளுக்கு ஆதரவு அற்றுப்போயிற்று. கப்பலில் வந்திறங்கிய மலிவுப் பொருள்கள் மிச்சமிருந்த சந்தையையும் கவர்ந்தன. கலை தானாக நலிவதில்லை, அதனைத் தாங்கிய வாழ்க்கைமுறை குலையவே அதுவும் குலைகின்றது என்னும் உண்மையை அவர் நூல்களில் தேடிக் கண்டாரல்லர். கண்டியின் பட்டறைகளில் நேரே கண்டார்.

திகனவைச் சார்ந்த நம்மவர் குறிப்பாக அறியவேண்டியது ஒன்றுண்டு. இத்தும்பறைப் பள்ளத்தாக்கின் ஹேனவலை என்னும் ஊரிற் பாய் நெய்யும் குடியினர் வாழ்கின்றனர். கின்னரர் எனப்பட்ட அவர்களைச் சாதி வரிசையின் அடித்தட்டில் வைத்தது பழைய சமுதாயம். அவர்கள் நார்ச்செடியின் இலையைச் சீவி நாரெடுத்து, சிவப்புக்குப் பதிமுகமும் மஞ்சளுக்கு மரமஞ்சளும் கொண்டு சாயமேற்றி, தரையோடு தரையான தறியில் யானையும் பறவையும் கொடியுமாக நெய்யும் பாய்கள் தும்பறைப் பாய்கள் என்று பெயர் பெற்றவை. உயர்குடிப் பிரபுக்கள் மேலைநாட்டு நாற்காலிகளைத் தேடிய அந்நாளில், ஆனந்தர் இக்கின்னரரின் தொழிலைக் கூர்ந்து நோக்கித் தம் நூலில் இடமளித்தார். சேர் பட்டம் பெற்றவரின் மைந்தர், அரசாங்கப் பகுதியொன்றின் தலைவர், தீண்டத் தயங்கியோரின் தறியைக் கற்கத்தக்க பொருளாகக் கொண்டமை அக்காலத்துக்குப் பெரிது.

1905இல் இரவற் சிறகுகள் என்ற பொருள்படும் சிறு பிரசுரம் ஒன்றை வெளியிட்டு, ஐரோப்பியரின் நடையுடையைப் பொருளறியாது பூண்டுகொள்ளும் நம்மவரைச் சாடினார். அதே ஆண்டிற் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமொன்று எழுதி, பழைய கட்டடங்களை இடித்தும் பூசியும் கெடுக்கவேண்டாமென மன்றாடினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் அமைத்து அதன் தலைவராயிருந்து, பள்ளிகளிற் சிங்களமும் தமிழும் உரிய இடம் பெறவேண்டுமென வாதாடினார். ஆசிரியர்கள் இதனைக் கவனிக்க: தாய்மொழிக் கல்விக்காகப் போராடிய இவருக்குத் தாயின் மொழி ஆங்கிலம், தந்தை மொழி கைநழுவியது. இழந்தவனே பொருளின் அருமையை அறிவான் போலும்.

இங்கே எதெல் அம்மையாரைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். கணவர் ஊரூராய்ச் சென்றபோது அம்மையாரும் உடன் சென்றார். ஆனந்தரின் பெருநூலாகிய மத்தியகாலச் சிங்களக் கலையில் நாம் காணும் புகைப்படங்களிற் பெரும்பாலானவை அம்மையார் எடுத்தவை. பாரமான கருவியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து, மழைநாட்டு இருளில் விகாரைச் சுவர்களைப் படமெடுத்தல் இன்றைய கைப்பேசிப் படம் போன்றதன்று. பழைய சிங்களத் தையற் பூவேலையைப் பற்றி அம்மையார் தாமே ஆராய்ந்து, சங்கத்தின் ஏட்டில் 1906இற் கட்டுரையும் எழுதினார். கணவன் மனைவி என்னும் உறவைக் காட்டிலும், ஒரே பொருளை இருவர் சேர்ந்து நோக்கும் உறவு இங்கே வலிதாயிருந்தது என்பேன். காதலென்பது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பது என்று நம் திரைப்படங்கள் காட்டுகின்றன. ஒரு தும்பறைப் பாயின் முன்னே இருவர் குந்தியிருந்து, நாரின் முறுக்கையும் சாயத்தின் நிறத்தையும் பற்றிப் பேசுவதும் காதலேயாகும்.

உத்தியோகத்தை விடுத்து 1907இல் இங்கிலாந்து திரும்பிய இருவரும் புரோட் காம்டன் என்னும் சிற்றூரில், ஆஷ்பீ என்னும் கட்டடக் கலைஞர் திருத்தியமைத்த பழைய நோர்மன் தேவாலயத்தை இல்லமாக்கிக்கொண்டனர். வில்லியம் மொறிஸ் நூலச்சிட்ட அதே கைப்பொறியை அங்கே நிறுவி, 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசம்பர் வரை உழைத்து, மத்தியகாலச் சிங்களக் கலையை 425 படிகள் மாத்திரம் அச்சிட்டனர். கைத்தொழிலின் புகழைப் பாடும் நூல் கைத்தொழிலாலேயே உருவாதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனந்தருக்கு அப்போது வயது முப்பத்தொன்று.

அந்நூல் முடிந்த சில ஆண்டுகளில் அவ்வில்லறமும் முடிந்தது. ஆலிஸ் றிச்சட்ஸன் என்னும் ஆங்கிலப் பாடகியிடம் ஆனந்தர் உள்ளம் சென்றது. அவ்வம்மையார் இந்திய இசை பயின்று, இரத்தினாதேவி என்னும் பெயருடன் மேடையேறியவர். பஞ்சாப் காஷ்மீரப் பாடல்களைத் தொகுத்து 1913இல் இருவரும் வெளியிட்ட நூலுக்குத் தாகூர் முன்னுரை வழங்கினார். நாரதர், ரோகிணி என இரு மக்கள் பிறந்தனர். அவ்வுறவும் நிலைக்கவில்லை. அமெரிக்கா சென்றபின் 1922இல் ஸ்ரெல்லா பிளொக் என்னும் நடன மங்கையை மணந்தார். அதுவும் பிரிவில் முடிந்தது. ஈற்றில் ஆர்ஜென்டீன நாட்டவராகிய லூயிசா அம்மையாரே அவர் இறுதிவரை உடனிருந்து, மறைவுக்குப் பின் அவருடைய எழுத்துகளையும் பேணியவர்.

இப்பகுதியை மூடி மறைத்து எழுதுவோரும் உளர். இதனையே சுவையாக விரித்து எழுதுவோரும் உளர். இரண்டும் வேண்டாதன. கலாயோகி என்று நாம் சூட்டிய பட்டம் அவர் இளமையின் தவறுகளைத் துடைத்துவிடாது. தவறுகள் அவர் அறிவின் பயனைக் குறைத்துவிடவும் மாட்டா. மரபின் ஒழுங்கைப் பிற்காலத்தில் அத்துணை உறுதியாகப் போற்றிய ஒருவர், அவ்வொழுங்கின் முதற்படியாகிய இல்லறத்திற் பலமுறை இடறினார் என்பது கண்கூடு. அதற்காக அவர் வருந்தினாரா? அச்சில் வந்த அவர்தம் எழுத்திலே அதற்கு விடையில்லை. மலாயாவில் வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழராகிய துரைராஜசிங்கம் அவரது வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகளை வேண்டி எழுதியபோது, தம்மைப் பற்றிய செய்திகளை வெளியிடுதல் மரபுக்கு ஒவ்வாதென மறுத்துவிட்டார். பழைய சிற்பிகள் தம் பெயரைச் சிற்பத்திற் பொறித்தாரில்லை என்னும் கொள்கைவழி வந்த மறுப்பு அது. உண்மையே. ஆயினும் அம்மௌனத்தின் அடியிற் கொள்கை மாத்திரந்தானா இருந்தது என்று கேட்காதிருக்க என்னால் முடியவில்லை. பெயரற்ற சிற்பிக்கும் வீட்டில் மனைவி மக்கள் இருந்திருப்பர்.

முதல் உலகப் போரின்போது ஆங்கில அரசுக்காகப் போரிடச் சம்மதியாது அமெரிக்கா சென்ற அவர், 1917 முதல் பொஸ்ரனில் முப்பதாண்டு பணியாற்றினார். அக்காலம் பற்றி எழுத வேறு ஏடுகள் வேண்டும். 1947 ஆவணியில் எழுபது வயது நிறைந்தபோது, பதவியை விடுத்து இந்தியா சென்று தனித்திருந்து தியானத்திற் கழிக்கப்போவதாக அறிவித்தார். மூன்று வாரங்கூட நிறையுமுன், செப்டெம்பர் 9ஆம் நாள், நீடம் என்னும் ஊரிலுள்ள தம் இல்லத்திற் காலமானார். இளமையில் விட்டுவந்த நாட்டுப்புறம் முதுமையில் அழைத்தது. சென்றடையக் காலம் இடந்தரவில்லை.

எதெல் அம்மையாரோ முறிந்த வாழ்வின் முன்னே கைகட்டி அமர்ந்திருக்கவில்லை. ஆஷ்பீயிடம் வரைஞராயிருந்த பிலிப் மேரே என்பவரை 1913இல் மணந்து, எதெல் மேரே ஆனார். நாற்பதை எய்திய வயதில் தறியைத் தம் வாழ்வாகக் கொண்டார். செடிகொடிகளிலிருந்து சாயமெடுக்கும் முறைகளை விளக்கி 1916இல் நூலொன்று வெளியிட்டார். கண்டிக் குன்றுகளின் நெசவும் சாயமும் கண்ட கண்ணிலே அவ்வார்வத்தின் விதை விழுந்தது என்று கொள்ளுதல் பிழையாகாது. சசெக்ஸ் மாகாணத்து டிச்லிங் என்னும் ஊரில் அவர் நிறுவிய நெசவுச் சாலையிற் பல நாட்டு இளம்பெண்கள் வந்து தங்கிக் கற்றனர். இங்கிலாந்தின் கைநெசவு மறுமலர்ச்சிக்கு அவரையே தாயெனக் கூறுவர். கைத்தொழிலுக்கான அரச வடிவமைப்பாளர் என்னும் பட்டத்தைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. ஆனந்தர் மறைந்து ஐந்தாண்டுகளின் பின், 1952இல், அந்த டிச்லிங்கிலேயே காலமானார். அவர் நெய்த துணிகளும் சாயமேற்றிய நூல் மாதிரிகளும் இன்று பார்ணம் நகரத்துக் கைவினை ஆய்வு நிலையத்திற் பேணப்படுகின்றன.