ஸ்கேனருக்குள்ளே ஒரு மேஜர்

அமெரிக்காவில் கையடக்க ரேடியோ ஸ்கேனர் என்று ஒரு கருவி கிடைக்கும். பார்க்க வாக்கி டாக்கி மாதிரிதான், ஆனா பேச முடியாது, கேட்க மட்டும்தான். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பேச்சை வீட்டிலிருந்தே கேட்கிறவர்கள் அங்கே ஏராளம். (நம்ம ஊர்ல இது சட்டப்படி வம்பு. ஆர்டர் போட்டுடாதீங்க.) சாதாரண சேனலைப் புரோகிராம் பண்ண முக்கியமா ரெண்டு விஷயம் கொடுக்கணும்: அலைவரிசை, மோட். 155.000 மெகாஹெர்ட்ஸ், என்.எஃப்.எம். என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ரெண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆள்: எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். நிலாவுக்குப் போனவர் இல்லை, இவர் வேற.

1890-ல் நியூயார்க்கில் பிறந்தார். வளர்ந்தது ஹட்சன் ஆற்றங்கரையில் யாங்கர்ஸ் என்ற ஊரில். பள்ளிப் பையனாக இருந்தபோதே வீட்டுத் தோட்டத்தில் 125 அடி உயரத்துக்கு ஆன்டெனா கம்பம் நட்டவர். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிகல் படிப்பு, மோட்டார் சைக்கிளில் காலேஜ். 1912-ல், டிகிரி கையில் வருவதற்கு முன்பே, ரீஜெனரேட்டிவ் சர்க்யூட்டைக் கண்டுபிடித்துவிட்டார். வெற்றிடக் குழாயிலிருந்து வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளேயே அனுப்பினால் அது பல மடங்கு பெருகும், அதுதான் விஷயம். பேட்டன்ட் எடுக்க அப்பாவிடம் பணம் கேட்டார். முதலில் படிப்பை முடிக்கச் சொல்லிவிட்டார் அப்பா. எந்த ஊர் அப்பாவும் அப்படித்தான் போல! 1913 ஜனவரி 31 அன்று வரைபடத்தில் நோட்டரி முத்திரை மட்டும் வாங்கி வைத்தார். பேட்டன்ட் விண்ணப்பம் அக்டோபரில்தான் போனது.

அதற்கும் முந்தைய தேதியோடு லீ டி ஃபாரஸ்ட் வந்து நின்றார். தன் உதவியாளரின் 1912 ஆகஸ்ட் குறிப்பேட்டைக் காட்டி, கண்டுபிடிப்பு தன்னுடையது என்றார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 1934-ல் உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கமே தீர்ப்பு சொன்னது. அந்தச் சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது என்று தெளிவாக விளக்கியவர் ஆர்ம்ஸ்ட்ராங்தான். அதனால் தீர்ப்பைப் பல இன்ஜினியர்கள் ஏற்கவில்லை. 1917-ல் தனக்குத் தந்த பதக்கத்தை ரேடியோ இன்ஜினியர்கள் சங்கத்திடம் அவர் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வாங்க மறுத்துவிட்டார்கள்.

இப்போ அந்த 155.000-க்கு வருவோம். முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காகப் பாரிஸில் இருந்தபோது, 1918-ல் அவர் யோசித்தது சூப்பர்ஹெட்டரோடைன். அதிக அலைவரிசையை நேரடியாகப் பெருக்க அன்றைய குழாய்களால் முடியவில்லை. சரி, சிக்னலையே கீழே இறக்கிடலாமே? உள்ளேயே 144.3 மெகாஹெர்ட்ஸ் உண்டாக்கி 155-உடன் கலந்தால், வித்தியாசம் 10.7. பெருக்குவது, வடிகட்டுவது எல்லாம் அந்த 10.7-லேயே நடக்கும். அடுத்த சேனலுக்குப் போக உள்ளே இருக்கும் ஆசிலேட்டரை மட்டும் நகர்த்தினால் போதும், ஃபில்டரைத் தொட வேண்டாம். ஸ்கேனர் ஒரு நொடியில் பல சேனல்களைத் தாவிப் பார்ப்பதற்கு அடிப்படையே இதுதான். இசிஇ பசங்க இதைப் பரீட்சைக்கு மட்டும் படிச்சிருப்பீங்க.

போரிலிருந்து மேஜர் என்ற பட்டத்தோடு திரும்பினார். பேட்டன்ட்களை விற்றுப் பெரும் பணக்காரரானார். ஆர்.சி.ஏ. நிறுவனத் தலைமையில் இருந்த டேவிட் சார்னாஃப் நண்பர். சார்னாஃபின் செயலாளர் மரியனைத்தான் 1923-ல் கல்யாணம் பண்ணினார்.

அடுத்தது எஃப்.எம். அலைவரிசையை மாற்றி ஒலியைச் சுமப்பதில் லாபமே இல்லை என்று 1922-ல் ஜான் கார்சன் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அவர் பார்த்தது குறுகிய பட்டையை. ஆர்ம்ஸ்ட்ராங் தைரியமாகப் பட்டையை அகலமாக்கினார், இரைச்சல் ஒடுங்கிப் போனது. 1933 டிசம்பர் 26 அன்று பேட்டன்ட்கள் கிடைத்தன. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து சோதனையும் நடந்தது. ஆனால் ஆர்.சி.ஏ.வுக்கு ஏ.எம். வியாபாரமும் டிவியும்தான் முக்கியம்.

எஃப்.எம். அருமையை உடனே உணர்ந்த இடங்களில் ஒன்று போலீஸ் கார். யோசிச்சுப் பாருங்க: இன்ஜின் ஸ்பார்க் ஒவ்வொன்றும் ஏ.எம். ரிசீவரில் படபடவென்று விழும். ஓடும் காரில் முகவரி காதில் சரியாக விழாவிட்டால் போலீஸ் வேறு தெருவுக்குப் போய் நிற்கும். எஃப்.எம். அந்த இரைச்சலை அடக்கியது. டேனியல் நோபிள் என்ற பேராசிரியர் 1940-ல் கனெக்டிகட் மாநிலப் போலீசுக்கு எஃப்.எம். இருவழி ரேடியோ அமைத்துக் கொடுத்தார். பிறகு அவர் போய்ச் சேர்ந்த நிறுவனம்தான் பின்னாளில் மோட்டரோலா.

இரண்டாம் உலகப்போரில் ராணுவம் எஃப்.எம்.மைப் பயன்படுத்த ஆர்ம்ஸ்ட்ராங் ராயல்டியே கேட்கவில்லை. போர் முடிந்த கையோடு, 1945-ல், அரசு எஃப்.எம். ஒலிபரப்பை 42-50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 88-108க்கு மாற்றியது. மக்கள் வாங்கி வைத்திருந்த பழைய எஃப்.எம். பெட்டிகள் அத்தனையும் வீண். ஆர்.சி.ஏ. முன்பு 10 லட்சம் டாலர் மொத்தமாகத் தர முன்வந்தது. மற்றவர்கள் போலவே ராயல்டி தரட்டும் என்று அவர் மறுத்திருந்தார். 1948-ல் வழக்குப் போட்டார். அது சொத்தைத் தின்றது, குடும்பத்தையும் பிரித்தது. 1954 ஜனவரி 31 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நோட்டரி முத்திரை வாங்கி அன்றோடு சரியாக 41 வருஷம்.

மரியன் வழக்குகளை விடவில்லை. ஆர்.சி.ஏ. அந்த வருஷமே சமரசத்துக்கு வந்தது. மற்ற நிறுவனங்களோடு ஒவ்வொன்றாக மோதி ஜெயித்தார். கடைசி வெற்றி 1967-ல், போலீஸ் ரேடியோ விற்றே பெரிதாக வளர்ந்த மோட்டரோலாவுக்கு எதிராக.