செல்சி இல்லத்துத் தந்தை

இலண்டன் மாநகருக்கு மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் செல்சி என்னும் சிற்றூர் இருந்தது. அங்கிருந்து நகருக்குச் செல்வோர் பெரும்பாலும் படகிலேயே சென்றனர். அவ்வூரில் வாழ்ந்த தாமஸ் மோர் அரசுப் பணிக்காகப் புறப்படும்போதெல்லாம் மனைவியும் மக்களும் தோட்டத்தின் வழியே படகுத்துறைவரை உடன்வருவர். அவர் ஒவ்வொருவரையும் முத்தமிட்டு விடைபெற்றுப் படகேறுவார். நாள்தோறும் நிகழ்ந்த இவ்வழக்கம் ஒருநாள் நின்றுபோனது. அது ஏன் நின்றது என்பதை உணர, அவ்வில்லம் உருவான கதையை முதலில் அறிய வேண்டும்.

தாமஸ் மோர் 1478ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். தந்தை ஜான் மோர் வழக்கறிஞர்; பின்னாளில் நீதிபதியாக உயர்ந்தவர். சிறுவன் தாமஸ், கேன்டர்பரிப் பேராயர் மார்ட்டனின் மாளிகையில் ஏவலராகப் பணியாற்றி, ஆக்ஸ்போர்டில் ஏறத்தாழ ஈராண்டுகள் கற்று, பின்பு தந்தையின் விருப்பப்படி சட்டம் பயின்றார். அந்நாளில் அவர் உள்ளம் துறவை நாடியது. கார்த்தூசியத் துறவியர் வாழ்ந்த மடத்தையொட்டித் தங்கி, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர்களுடைய செபமுறையைப் பின்பற்றினார். எனினும் துறவு வாக்குறுதி எடுக்கவில்லை; இல்லறமே தமக்கு உரிய வழி எனத் தெளிந்து வெளியேறினார். மடத்தில் பழகிய இரண்டை மட்டும் அவர் கைவிடவில்லை. ஒன்று, விடியலுக்கு முன் எழுந்து செபிக்கும் வழக்கம். மற்றொன்று, மேலாடைக்குள் பிறர் அறியாதவாறு அணிந்த முரட்டு மயிராடை. உடலை உறுத்தும் அவ்வாடையைத் தவத்தின் பொருட்டு அவர் வாழ்நாள் முழுதும் அணிந்தார். அதனைத் துவைத்துத் தரும் பொறுப்பைப் பின்னாளில் மூத்த மகள் மார்கரெட்டிடம் மட்டுமே ஒப்படைத்திருந்தார்.

அவருடைய திருமணம் பற்றி மருமகன் வில்லியம் ரோப்பர் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த கோல்ட் குடும்பத்தின் மகளிருள் இரண்டாமவளையே மோரின் மனம் விரும்பியது. ஆயினும் தங்கைக்கு முதலில் மணம் முடிந்தால் மூத்தவள் நாணமுற நேருமே என்று இரங்கி, மூத்தவளான ஜேனை மணந்தார். மார்கரெட், எலிசபெத், சிசிலி, ஜான் என நான்கு மக்கள் பிறந்தனர். 1511ஆம் ஆண்டு ஜேன் இளவயதிலேயே மறைந்தார். நான்கு சிறு குழந்தைகளுடன் நின்ற மோர், சில வாரங்களுக்குள் ஆலிஸ் என்னும் கைம்பெண்ணை மணந்துகொண்டார். ஆலிஸ் அவரினும் மூத்தவர், கூர்மையான நாவினர், வீட்டு நிருவாகத்தில் வல்லவர். நடுவயதில் அவரை யாழும் குழலும் பயில இசைவித்தது கணவரின் நகைச்சுவையே என்று நண்பர் எராஸ்மஸ் வியந்து எழுதினார். மார்கரெட் கிக்ஸ் என்னும் பெண்ணும் வளர்ப்பு மகளாக அவ்வில்லத்தில் வளர்ந்தாள்.

அவ்வில்லம் ஒரு பள்ளியாகவும் விளங்கியது. ஆண் மக்களுக்கே உயர்கல்வி என்றிருந்த காலத்தில், மோர் தம் பெண் மக்களுக்கு இலத்தீனும் கிரேக்கமும் தருக்கமும் வானியலும் கற்பித்தார். கல்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் உரியது என்றும், செருக்கைக் களைந்து இறைவனை நாடச் செய்யாத கல்வியால் பயனில்லை என்றும் அவர்களின் ஆசிரியருக்கு மடல் எழுதினார். தாம் வெளியூரில் இருக்கும்போது மக்கள் தவறாமல் தமக்கு எழுத வேண்டும் என்பது அவர் கட்டளை. எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. ஒன்றுமில்லை என்பதையே விரிவாக எழுதலாமே என்று கேலி செய்வார். இப்பயிற்சியின் பயனாக, இறைவன் கற்பித்த செபத்திற்கு எராஸ்மஸ் இலத்தீனில் எழுதிய விளக்கத்தை, 1524ஆம் ஆண்டளவில் மார்கரெட் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

செல்சியில் குடியேறிய பின், இரவில் குடும்பத்தாரும் பணியாளரும் ஒன்றுகூடிச் செபிப்பதை மோர் வழக்கமாக்கினார். உணவு வேளையில் திருநூற்பகுதி ஒன்று வாசிக்கப்படும். அதன் பொருள் குறித்து உரையாடுவர். பின்பு வீட்டுக் கோமாளி வாய்திறக்க, சிரிப்பு எழும். இறைப்பற்றும் சிரிப்பும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தன. வீட்டிலிருக்கும் வெள்ளிக்கிழமைகளில், தோட்டத்தில் கட்டிய சிறு கட்டடத்தில் தனித்திருந்து செபத்திலும் படிப்பிலும் ஈடுபட்டார். ஊரிலிருந்த முதியோருக்கும் ஏழையருக்கும் தனியே ஒரு வீடு அமர்த்தி உணவளித்தார். அதனைக் கவனிக்கும் பொறுப்பும் மார்கரெட்டையே சேர்ந்தது.

1528ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பரவிய கொடிய வியர்வைக் காய்ச்சல் மார்கரெட்டையும் பற்றியது. மருத்துவர்கள் கைவிட்டனர். மோர் தோட்டத்துக் கட்டடத்திற்குச் சென்று முழந்தாளிட்டுக் கண்ணீர் மல்கச் செபித்தார். செபத்தினிடையே, எவரும் எண்ணாத ஒரு மருத்துவமுறை அவர் நினைவில் உதித்தது. மருத்துவர்களும் உடன்பட்டு அதனைச் செய்ய, மகள் பிழைத்தாள். அவள் இறந்திருந்தால் உலக அலுவல்களில் தாம் மீண்டும் தலையிட்டிருக்கப்போவதில்லை என்று அவர் கூறியதாக ரோப்பர் எழுதுகிறார்.

மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் மோர் அரசருடன் வெளியூரில் இருந்தபோது, செல்சியில் தீப்பற்றி அவருடைய களஞ்சியங்களும் அவற்றில் நிறைந்திருந்த தானியமும் எரிந்தன. அண்டை வீட்டார் சிலருடைய களஞ்சியங்களும் உடன் அழிந்தன. செய்தி கேட்ட மோர் ஆலிசுக்கு எழுதிய மடல் இன்றும் கிடைக்கிறது. கொடுத்தவரும் எடுத்தவரும் இறைவனே ஆதலால், வீட்டார் அனைவரையும் அழைத்துக்கொண்டு ஆலயம் சென்று நன்றி கூறுமாறு முதலில் எழுதினார். அடுத்து, அண்டையாருள் யார் யார் என்னென்ன இழந்தனர் என்று விசாரிக்கச் சொன்னார். தம் வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சாமற்போனாலும், தம் இல்லத்தில் நேர்ந்த விபத்தால் எந்த ஏழையும் இழப்புறக் கூடாது என்றார். நிலத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை ஆலோசிக்கலாம். ஆனால் வேறிடம் கிடைக்கும்முன் எந்தப் பணியாளையும் திடீரென அனுப்பிவிடலாகாது என்றும் குறித்தார். அவருடைய சமய நூல்கள் பலவற்றைவிட, அவசரத்தில் எழுதிய இச்சிறு மடலே அவரை நன்கு காட்டுகிறது எனலாம்.

அடுத்த மாதமே, 1529 அக்டோபரில், எட்டாம் ஹென்றி மன்னர் அவரைச் சான்சலர் ஆக்கினார். அரச முத்திரையைக் காத்து உயர்நீதி வழங்கும் பதவி அது. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தம் மன்றத்திற்குச் செல்லும் வழியில், முதிய தந்தை நீதிபதியாக வீற்றிருக்கும் மன்றத்தின் முன் நின்று, பலர் காண முழந்தாளிட்டு அவர் ஆசியைப் பெற்றே மோர் அப்பால் செல்வார். செல்சி ஆலயத்தில் பாடகருக்குரிய வெள்ளாடை அணிந்து பாடுவார். அதைக் கண்ட நார்போக் கோமகன், சான்சலர் இவ்வாறு செய்வது அரசருக்கு இழுக்கு என்று கடிந்தார். தம் தலைவராகிய அரசரின் தலைவருக்குத் தாம் பணிசெய்வதால் அரசர் வருந்தமாட்டார் என்று மோர் மறுமொழி கூறினார்.

இப்பதவிக்காலத்தில் அவர்மீது படிந்த நிழலையும் மறைத்தல் முறையன்று. திருச்சபைக்கு மாறான கொள்கையினர் எனத் தீர்க்கப்பட்ட அறுவர் அவர் சான்சலராக இருந்தபோது எரிக்கப்பட்டனர். அத்தண்டனையை அவர் சரியென்றே எழுதினார். அதே மனிதர், மருமகன் ரோப்பர் லூத்தரின் கொள்கையில் மூழ்கியபோது, வாதாடிப் பயனில்லை எனக் கண்டு, வாதத்தை நிறுத்தி அவருக்காகச் செபிக்கப்போவதாக மகளிடம் கூறினார். ரோப்பர் பின்னர் மனம் மாறினார். வீட்டினுள் அவர் காட்டிய பொறுமை வெளியே சட்டத்தின் கடுமையைத் தணிக்கவில்லை.

மன்னர் தம் மனைவி கேத்தரினை விலக்கி ஆன் பொலினை மணக்க விரும்பினார். திருத்தந்தை இசையாமையால், இங்கிலாந்துத் திருச்சபையைத் தம் ஆணைக்கு உட்படுத்தலானார். 1532 மே 16 அன்று மோர் பதவி துறந்தார். அதுவரை ஆலயத்தில் வழிபாடு முடிந்ததும், தலைவர் புறப்பட்டுவிட்டார் என ஓர் ஏவலர் ஆலிசிடம் வந்து அறிவிப்பது மரபு. பதவி துறந்தபின் மோர் தாமே தொப்பியைக் கையில் ஏந்தி மனைவியின் இருக்கையை அணுகி அதே செய்தியைப் பணிவுடன் சொன்னார். ஆலிசுக்கு வேடிக்கை விளங்கப் பொழுது பிடித்தது; விளங்கியபோது சிரிப்பு வரவில்லை. வருவாய் சுருங்கிற்று. பணியாளர் அனைவருக்கும் வேறிடம் தேடித் தந்தபின், மக்களை அழைத்து, உணவை எவ்வாறு படிப்படியாகக் குறைக்கலாம் என்று கலந்துரையாடினார். குளிர்கால இரவுகளில் விறகின்றி, காய்ந்த புதர்களைக் கொளுத்திக் குடும்பத்தார் குளிர்காய்ந்தனர்.

1534 ஏப்ரல் 13 அன்று, ஆனுக்குப் பிறக்கும் மக்களே அரசுரிமையர் என்றும் கேத்தரினுடன் நிகழ்ந்த மணம் செல்லாது என்றும் ஏற்கும் உறுதிமொழியை எடுக்குமாறு மோர் லாம்பெத்திற்கு அழைக்கப்பட்டார். காலையில் ஆலயம் சென்று பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை பெற்றார். பின்பு படகுத்துறைக்குப் புறப்பட்டார். வழக்கம்போல் அனைவரும் உடன்வர எழுந்தனர். அன்று அவர் எவரையும் வரவிடவில்லை. வாயிற்கதவைத் தமக்குப் பின்னால் இழுத்துச் சாத்தி, ரோப்பருடன் மட்டும் படகேறினார். அன்பு முகங்களைக் கண்டால் மனம் தளரும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். அரசுரிமை பற்றி உறுதிகூற அவர் மறுக்கவில்லை; அதனுடன் திருத்தந்தையின் அதிகாரத்தை மறுக்கும் வாசகங்களை ஏற்கவே மனச்சான்று இடந்தரவில்லை. நான்கு நாள்களில் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

வருத்தம் என்னவெனில், அவரைச் சூழ்ந்திருந்த குடும்பமே அவருடன் உடன்படவில்லை. இறைச்சட்டம் அனுமதிக்கும் அளவிற்கு என்னும் சொற்களைச் சேர்த்து மார்கரெட் உறுதிமொழி எடுத்துவிட்டார். சிறைக்கு வந்த மகளுடன் மோர் முதலில் ஏழு திருப்பாடல்களையும் மன்றாட்டுமாலையையும் சொல்வார், அதன்பின்பே பேச்சு. உறுதிமொழி எடுத்துவிடுமாறு அவர் அன்புடன் வாதாட, தந்தை அன்புடனே மறுத்தார். பிறருடைய மனச்சான்றைத் தாம் குறைகூறவில்லை என்றும், தம்முடையதைப் பிறர் முதுகில் ஏற்ற இயலாது என்றும் விளக்கினார். ஆலிஸ் வந்தபோது வெளிப்படையாகவே கடிந்தார். நூலகமும் தோட்டமும் மக்களும் காத்திருக்க, எலிகளுடன் இந்த அறையில் அடைந்துகிடப்பதா என்றார். செல்சி வீட்டைப்போல் இவ்வறையும் விண்ணகத்திற்கு அருகில்தானே இருக்கிறது என்று மோர் கேட்டார். அவ்விடை ஆலிசுக்கு உடன்பாடில்லை. ஆயினும் சிறையில் கணவருக்கும் ஏவலருக்கும் ஆகும் உணவுச் செலவுக்காகத் தம் ஆடைகளை விற்றவர் அவரே.

1535 ஜூலை முதல் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. கோபுரத்திற்குத் திரும்பும் வழியில், ஈட்டி ஏந்திய காவலரின் வரிசையை ஊடுருவிப் பாய்ந்த மார்கரெட், கூட்டத்தின் நடுவே தந்தையைத் தழுவி முத்தமிட்டார். சில அடிகள் விலகியவர், ஆற்றாது மீண்டும் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஜூலை 5 அன்று மோர் கரித்துண்டால் மகளுக்கு இறுதி மடல் எழுதினார். அன்று உலக மரியாதையைப் பாராமல் அவர் ஓடிவந்ததைப்போல் என்றும் தமக்கு உவப்பளித்தது வேறில்லை என்று அதில் குறித்தார். வீட்டார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைந்து, சிசிலிக்கு ஒரு கைக்குட்டையும், வளர்ப்பு மகளுக்கு அவள் கணக்குப் போட்ட கற்பலகையும் அனுப்பினார். மயிராடையும் மார்கரெட்டிடமே சென்று சேர்ந்தது. மறுநாள் காலை அவர் தலை வெட்டப்பட்டது.

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், 1935இல், திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. வெட்டப்பட்ட தலையை அன்று இலண்டன் பாலத்தின்மேல் கழியில் செருகி வைத்தனர். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, ஆற்றில் எறியப்படவிருந்த அதனைக் காவலருக்குப் பொருள் கொடுத்து மார்கரெட் பெற்றுக்கொண்டார். அதற்காக விசாரிக்கப்பட்டபோது, தந்தையின் தலை மீன்களுக்கு உணவாகக் கூடாது என்றே வாங்கியதாகக் கூறினார். 1544ஆம் ஆண்டு தாம் இறக்கும்வரை அதனை அவர் தம்மிடமே பாதுகாத்து வைத்திருந்தார்.