நிரவி வாத்தியாரும் ஆலமரத்துக் குரங்கும்: யார் இந்த பாரதிதாசன்?

பாரதிதாசன்னா பலருக்கும் மேடைதான் ஞாபகம் வரும். தமிழ் உணர்ச்சி, சுயமரியாதை, சாதி எதிர்ப்பு. ஆனா, புறாவையும் ஆலமரத்தையும் உட்கார்ந்து பார்த்து எழுதிய பாரதிதாசன் ஒருத்தர் இருக்கார். அவரைப் பற்றி நாம அதிகம் பேசறதில்லை.

1891 ஏப்ரல் 29-ல் புதுச்சேரியில் பிறந்தவர். இயற்பெயர் சுப்புரத்தினம். அப்பா கனகசபை வணிகர். 1909-ல், 18 வயதில் கிடைத்த முதல் வேலை, காரைக்காலை ஒட்டிய நிரவியில் தமிழாசிரியர் பணி. ஒரு பக்கம் வயல், கொஞ்ச தூரத்தில் கடல். அங்கே தொடங்கிய வாத்தியார் வேலை 37 ஆண்டுகள் நீடித்தது.

பெயர் வந்த கதை

பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பி 1908-ல் புதுச்சேரிக்கு வந்த பாரதியாரை, ஒரு திருமண வீட்டில்தான் இவர் சந்தித்தார். பிறகு பாரதியாரே இவரை எழுதச் சொல்லி, அந்தக் கவிதையை சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தார். முருகன் மேல துதிப்பாடல் எழுதிக்கொண்டிருந்தவர், பின்னாளில் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்குப் போனார். பக்தி போச்சு, பழைய பாணி போச்சு. 'பாரதிக்கு தாசன்' என்ற பெயர் மட்டும் போகலை. பிராமணரின் பெயரைத் தாங்குவதா என்று கேள்வி எழுந்தபோதும் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு இவர்மேல மரியாதை கூடுவது இந்த இடத்தில்தான்.

அழகின் சிரிப்பு

1944-ல் வந்தது 'அழகின் சிரிப்பு'. கடல், தென்றல், காடு, ஆறு, செந்தாமரை, கிளி, இருள், சிற்றூர் என 16 தலைப்புகள். இருளையும் அழகுன்னு சேர்த்ததைக் கவனிங்க. கடைசித் தலைப்பு தமிழ். மொழியையும் இயற்கையோட வரிசையில் வைத்துவிட்டார்!

'ஆல்' பகுதியில் ஒரு குரங்கு வரும். கிளையில் தொங்கும் பாம்பை விழுதுன்னு நினைச்சுத் தொட்டுவிடும். அதுக்கப்புறம் எந்த விழுதைப் பார்த்தாலும் பயம். கடைசியில் தன் வாலைப் பார்த்தே மிரளும். சிரிப்பு வரும். ஆனா மணிக்கணக்கில் மரத்தடியில் நின்றவருக்குத்தான் இது கிடைக்கும்.

புறாக்களோ விரிந்த தாமரை மாதிரி வட்டமாகக் கூடி இரை தின்னும், சண்டை கிடையாது. சாதி பிரித்துத் தனித்தனிப் பந்தி போட்ட காலத்தில் இதைப் படித்தவர்களுக்கு, அது வெறும் பறவைக் கவிதையாக இருந்திருக்காது. மேடைப் பாரதிதாசனும் இவரும் ஒரே ஆள்தான்.

1946-ல் ஓய்வு. அதே ஆண்டு அண்ணாவின் முயற்சியில் 25,000 ரூபாய் பொற்கிழி கிடைத்தது. 1955-ல் புதுச்சேரி சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1964 ஏப்ரல் 21-ல் சென்னையில் மறைந்தார். சாகித்ய அகாடமி விருது, 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு, அவர் இறந்த பிறகுதான் வந்தது.

காரைக்கால் உட்பட புதுச்சேரி அரசு விழாக்களில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்தும் இவர் எழுதியதே. புதுச்சேரி பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். நூல்கள் நாட்டுடைமை ஆனதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். 'அழகின் சிரிப்பு' சின்ன புத்தகம்தான், குரங்கிலிருந்து ஆரம்பிங்க.