கொலைப்பழி சுமந்த வீரர் சர் ஜேம்ஸ் டிரெல்



லண்டனில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்த நம்மவர்களில் பலர், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டவர் கோட்டையைச் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். அங்கே காணாமல் போன இரண்டு இளவரசர்களின் கதையையும் கேட்டிருப்பீர்கள். அவர்களைக் கொன்றவர் என்று பேசப்படும் சர் ஜேம்ஸ் டிரெல்லின் வாழ்க்கையை இந்த இதழில் பார்ப்போம்.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், கிப்பிங் என்ற ஊரைச் சேர்ந்தது அவர் குடும்பம். அந்தக் காலத்தில் யார்க், லங்காஸ்டர் என்ற இரண்டு அரச கிளைகள் சிம்மாசனத்துக்காகச் சண்டையிட்டன. தந்தை வில்லியம் லங்காஸ்டர் பக்கம் நின்றவர். யார்க் அரசர் நான்காம் எட்வர்டுக்கு எதிராகச் சதி செய்தார் என்று 1462இல் டவர் குன்றில் அவர் தலை வெட்டப்பட்டது. மகனோ யார்க் பக்கமே போய்ச் சேர்ந்தார். 1471இல் டியூக்ஸ்பரி போரில் அவர்களுக்காகப் போரிட்டு 'சர்' பட்டம் பெற்றார். அரசரின் தம்பி ரிச்சர்டுக்கு நம்பிக்கையான ஆளானார்.

1483 ஏப்ரலில் நான்காம் எட்வர்டு இறந்தார். மூத்த மகன் ஐந்தாம் எட்வர்டுக்கு வயது 12, இளையவனுக்கு 9. அண்ணனின் திருமணமே செல்லாது என்று சொல்லி, சித்தப்பா ரிச்சர்ட் தானே முடிசூடிக்கொண்டார். டவர் கோட்டையில் இருந்த பிள்ளைகள் அதன்பின் யார் கண்ணிலும் படவில்லை.

1485இல் பாஸ்வொர்த் போரில் ரிச்சர்ட் மாண்டார். டிரெல் அப்போது கடல் கடந்து, கலே அருகே ஆங்கிலேயர் வசமிருந்த கீன் கோட்டையில் பொறுப்பில் இருந்தார். புதிய அரசர் ஏழாம் ஹென்றி அவரைப் பகைக்கவில்லை. 1486இல் இரண்டு முறை மன்னிப்பு வழங்கி, பதவியிலும் வைத்துக்கொண்டார். இரண்டாவது மன்னிப்பு எதற்காக என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு.

ஆனால் யார்க் வம்சத்து எட்மண்ட் டி லா போல் அரசருக்கு எதிராகக் கிளம்பியபோது, டிரெல் அவருக்கு உதவினார். அந்த ராஜதுரோகத்துக்காக 1502 மே 6 அன்று, தந்தை மாண்ட அதே டவர் குன்றில் அவர் தலையும் வெட்டப்பட்டது. தண்டனை இளவரசர்களைக் கொன்றதற்காக அல்ல.

சாவதற்கு முன் அவர் கொலையை ஒப்புக்கொண்டார் என்று பிறகு எழுதியவர் தாமஸ் மோர். ஆட்களை ஏவி, தூங்கிய பிள்ளைகளைத் தலையணையால் அமுக்கிக் கொல்ல வைத்தார் என்பது அவர் சொன்ன கதை. 1483இல் மோர் ஐந்து வயதுப் பிள்ளை. டிரெல்லின் வாக்குமூலம் எதுவும் எழுத்தில் கிடைக்கவில்லை. பின்னாளில் ஷேக்ஸ்பியரும் அதை நாடகமாக்க, பழி நிலைத்துவிட்டது.

1674இல் கோட்டையின் ஒரு படிக்கட்டுக்கு அடியில் சிறுவர்களின் எலும்புகள் கிடைத்தன. அவை வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவை அந்த இளவரசர்களுடையவைதானா என்பது இன்னும் முடிவாகவில்லை.

டிரெல் செய்தும் இருக்கலாம். ஆனால் அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடக்கவில்லை, பதில் சொல்லும் வாய்ப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒருவரைப் பற்றிக் காதில் விழுவதை அடுத்தவருக்குச் சொல்லும் முன் நாம் ஒரு நிமிடம் நிதானிக்க, இந்த ஐந்து நூற்றாண்டுப் பழி ஒரு பாடம். அடுத்த முறை அந்தக் கோட்டைக்குப் போகிறவர்கள், பக்கத்திலுள்ள டவர் குன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்.